ஓட்டு வாங்கிய பதில்

மூத்தவர்: தம்பி, நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில், கடவுச்சொல்லைத் தரவுத்தளத்தில் சேமிப்பது எப்படி என்பதற்கு 2009-லேயே பதில் இருக்கிறதே! கேட்டவரே ஏற்றுக்கொண்ட பச்சை டிக் வேறு. எத்தனை ஓட்டு பார்த்தாயா? அதை எடுத்துப் போடாமல் பிஎச்பி மொழியின் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறாய். கையேட்டுக்கு யாராவது ஓட்டுப் போட்டார்களா?

இளையவர்: ஓட்டு குவிந்திருக்கிறது, சார், எப்போது விழுந்த ஓட்டு என்பதுதான் கேள்வி. அந்தப் பதில் பயன்படுத்தச் சொல்லும் மைஎஸ்கியூஎல்_கொயரி ஃபங்ஷனை 2013-ல் வந்த பிஎச்பி 5.5 கைவிடச் சொன்னது. 2015 டிசம்பரில் வந்த 7.0 அடியோடு நீக்கியது. இன்று ஓட்டினால், 'அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை' என்று நிரல் நின்றுவிடும். அதுகூடப் பரவாயில்லை, தப்பு உடனே தெரிந்துவிடுகிறது. பதில் எழுதியவர் கடவுச்சொல்லை எம்டி5 ஹாஷில் போட்டுச் சேமிக்கச் சொல்கிறாரே, அது இன்றும் ஓடும், ஆபத்தே அங்குதான். எம்டி5 அதிவேகமானது, தரவைத் திருடியவன் நொடிக்குக் கோடிக்கணக்கான சொற்களைப் போட்டுப் பார்க்கலாம். வேண்டுமென்றே மெதுவாக ஓடும் பாஸ்வேர்ட்_ஹாஷ் ஃபங்ஷன் 2013-லேயே வந்துவிட்டது. இது தெரிந்தபின்னும், அன்று போட்ட ஓட்டைத் திரும்ப வாங்க முடியாது. சில நிமிடங்களில் பூட்டிவிடுவார்கள். பதிலை யாராவது திருத்தினால்தான் திறக்கும்.

மூத்தவர்: அப்படியானால் அழித்துவிடு. இல்லையென்றால் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுப் புதுசை எழுது. பதிலும் புதுசு, ஓட்டும் மிச்சம். கட்சி மாறும் எம்எல்ஏ பழைய ஓட்டோடுதானே போகிறார்?

இளையவர்: அழித்தால், பிஎச்பி 5-ல் ஓடும் பழைய தளத்தை இன்னும் கட்டி மேய்ப்பவர் எங்கே போவார்? அது ஏன் அப்படி எழுதப்பட்டது என்று புரிந்தால்தான் அவரால் மாற்றவே முடியும். உள்ளே இருப்பதை மாற்றினால், ஒருவருடைய யோசனைக்கு விழுந்த ஓட்டு இன்னொருவருடைய யோசனைக்குச் சாட்சியாகிவிடும். பழையது இருக்கட்டும், அதன் தலையில் 'பிஎச்பி 5-க்கு மட்டும்' என்று எழுதிவைப்போம். புதுப் பதிலைத் தனியாக எழுதியிருக்கிறேன். அது மேலே ஏற வழியும் இருக்கிறது. டிக் வாங்கிய பதிலே எப்போதும் முதலில் நிற்கும் ஏற்பாட்டை அந்தத் தளம் 2021-ல் எடுத்துவிட்டது. அண்மையில் விழுந்த ஓட்டுக்குக் கூடுதல் எடை தரும் வரிசையும் மறு ஆண்டு வந்தது.

மூத்தவர்: ஓட்டுக்கும் காலாவதியா! சரி, அந்தப் புதுப் பதிலுக்கு எத்தனை?

இளையவர்: இரண்டு, சார். மூன்றாவதை நீங்கள் போடலாமே.

மூத்தவர்: போடுகிறேன், தம்பி. முதலில் எல்லோரும் போடட்டும்.