தண்டப் பெரியவர்

வளையமாதேவியிலும் அதைச் சூழ்ந்த சேத்தியாத்தோப்பு வட்டாரத்து ஊர்களிலும், தேநீர்க் கடைப் பலகையில் காலைப் பொழுதைக் கழிக்கும் பெரியவர்களுள் ஒரு தனி ரகம் உண்டு. சகல வஸ்துக்களையும் சீர்தூக்கிப் பார்த்து, 'தண்டம்' என்ற ஒரே தீர்ப்பை வழங்குவதற்கென்றே பிரமதேவன் இவர்களைச் சிருஷ்டித்திருக்க வேண்டும்.

பட்டம் பெற்றும் வீட்டோடு இருக்கும் மகன் தண்டம். அவனுக்குக் கட்டிய கல்லூரிப் பணம் அதனினும் பெரிய தண்டம். விதைப்பில் வராத மழையும் தண்டம், அறுப்பில் வந்த மழையும் தண்டம். அரசன் குற்றவாளியிடம் வசூலித்த அபராதத்துக்கு வழங்கிய பெயர், வீணாய்ப் போன காசுக்கும், உதவாத பொருளுக்கும், உண்டு உறங்கும் மனிதனுக்கும் படிப்படியாக இறங்கி வந்ததற்குக் காரணம், குற்றமே செய்யாமல் ஆயுள் முழுவதும் அபராதம் கட்டுகிறோம் என்னும் மனத்தாங்கலே போலும்.

ஆயினும் இந்தப் பிரயோகத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. தம்முடையதையன்றிப் பிறருடையதைப் பெரியவர் தண்டம் என்பதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை சும்மா இருந்தால், "பாவம், வேலை தேடிக்கிட்டிருக்கான்" என்பார். அந்த வீட்டார் இவர் மகனைத் தண்டம் என்றாலோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்.

இத்தகையவர் நெய்வேலிப் பக்கத்தில் பிறந்தது விதியின் விளையாட்டு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தண்ணீருக்காகத் தோண்டியபோது தென்பட்ட கரிய பொருள்தான், 1956இல் ஒரு நிறுவனத்தையே தோற்றுவித்த பழுப்பு நிலக்கரி. சுரங்கத்தில் நீர் புகாதிருக்க ஓயாமல் இறைத்துத் தள்ளப்படும் நிலத்தடி நீர், சுரங்கத்தாருக்கு உபத்திரவம், வாய்க்கால் வழியே வந்தால் நெற்பயிருக்குப் பிராணன். கரிக்கு மேலுள்ள மண்ணோ, அவர்களுக்கு வாரிக் குவிக்க வேண்டிய சுமை, பெரியவருக்குப் பிதிரார்ஜிதம். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பதால், அந்தப் பிதிரார்ஜிதத்தையும் அவர் நாள் தவறாமல் தண்டம் என்றே அர்ச்சித்து வந்தார்.

2023 ஜூலை 26 அன்று, ஏட்டளவில் முன்பே சுரங்க நிறுவனத்துக்குக் கைமாறியிருந்தும் உழவர்கள் பயிரிட்டு வந்த வளையமாதேவி வயல்களில், பரவனாற்றுக்குப் புதுவழி வெட்டுவதற்காக, பச்சைப் பயிரின்மீதே இயந்திரங்கள் இறங்கின. விவகாரம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போக, சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி ஆகஸ்டில் உத்தரவாயிற்று. இச்செய்தியைக் கொண்டுவந்த தம்பி மகன், பெரியவரைத் தேற்றும் எண்ணத்தோடு வாயைத் திறந்தான்.

"தண்டம் தண்டம்னு நீங்கதானே பெரியப்பா சொல்லுவீங்க? விட்டுதுன்னு நினைச்சுக்குங்க."

"நான் சொல்லலாம்டா, நான் உழுதவன். நாப்பதாயிரம் பயிருக்குத்தானே? இத்தனை வருசமா அந்த நெலத்தைத் திட்டிக்கிட்டிருந்தேனே, இனிமே எதைத் திட்டறது? அந்தப் பாத்தியதைக்கு எந்தக் கோர்ட்டுல கேசு போடறது?"

விடை தெரியாமல் விழித்த அவனையும் "தண்டம்" என்று சொல்லிவிட்டு, அவன் குடித்த தேநீருக்கும் சேர்த்துத் தாமே காசு கொடுத்தார்.