ரெட்டிப்பு கேட்டு வந்த மாப்பிள்ளைக்கு

வாங்க மாப்ளே, உக்காருங்க. இஞ்சினீர் ஆயிட்டீங்க, மருவாதி குடுத்துத்தான் பேசோணும். நீங்க ரெண்டு நாளா சோறு எறங்காம வெசனத்துல கெடக்கறதா எந்தங்கச்சி போன் பண்ணிச் சொல்லுச்சு. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நார் மில்லுல கன்வேயர் மோட்டாருக்கு டிரைவ் மாட்டிக் குடுத்தீங்களாமே. ஆர்டுயினோ போர்டுல இருந்து 0 முதல் 5 வோல்ட் போகுதாம், டிரைவ் 0 முதல் 10 கேக்குதாம். போர்டு முக்கி முக்கி 5 குடுத்தாலும் மோட்டார் 25 ஹெர்ட்ஸைத் தாண்ட மாட்டேங்குதாம். பாதி வேகத்துக்குப் பாதிக் காசுதான்னு முதலாளி சொல்லிப்போட்டாராம். நியாயஸ்தருதான், வேறென்ன சொல்ல.

அதனால வோல்ட்டை ரெட்டிப்பாக்கோணும். பெருந்துறை வட்டாரத்துல ரெட்டிப்புன்னு ஒருத்தன் வாயைத் தொறந்தாலே நான் சட்டைப் பையைப் பொத்திக்குவேன். ஈமு கோழியில போட்ட காசை உங்க சித்தப்பன் இன்னும் தேடிட்டிருக்கறான். ஆனா உங்க சோலி நடக்கும். பைக்குள்ள என்ன கொண்டாந்திருக்கீங்க, கொட்டுங்க பாக்கலாம்.

இதென்ன, டிரான்ஸ்பார்மரா? நல்ல கனம். கதவு சாத்தாம இருக்க முட்டுக் குடுக்கலாம். டிசியை உள்ள விட்டா சுவிட்சைப் போடுற அந்த நொடியில ஒருதடவ துள்ளும், பொறவு செம்புக்கம்பி சுட்டுக்கிட்டுச் சும்மா கெடக்கும். காலேஜ்ல இதுக்கு எத்தனை மார்க் போட்டாங்க?

சரி, இது பூஸ்ட் மாடுல். ஆன்லைன்ல சல்லிசா வந்திருக்கும். இதுகிட்ட 3 வோல்ட் குடுத்தாலும் 4 குடுத்தாலும் நீங்க ஸ்குரூவைத் திருகி வெச்ச ஒரே வோல்ட்டைத்தான் வெளிய தள்ளும். அதுக்குத்தான் அதைப் படைச்சிருக்காங்க. உங்களுக்கோ 1 குடுத்தா 2, 3 குடுத்தா 6 வரோணும். வேகத்தைக் கூட்டவும் கொறைக்கவும் டிரைவ் வாங்கிட்டு, அதுக்கு அசையாத வோல்ட்டைக் குடுத்தா அந்த டிரைவ் எதுக்கு?

அப்புறம் டயோடும் கெப்பாசிட்டரும். ஓ, டபுளர்! இது கெட்டிக்கார வித்தைதான், இல்லைங்கல. 1932ல கேம்பிரிட்ஜ்ல காக்கிராஃப்டும் வால்டனும் இந்த டயோடு ஏணியையே அடுக்கடுக்கா ஏத்தி, லட்சக்கணக்குல வோல்ட் எடுத்து, லித்தியம் அணுவைப் பொளந்துட்டாங்க. ஆனா அவங்க உள்ள விட்டது ஏசி. உங்க டிசியை மொதல்ல ஒரு ஆஸிலேட்டர் வெச்சு வெட்டோணும். வெட்டுனாலும் ரெண்டு சிலிக்கான் டயோடு ஆளுக்கு 0.6 வோல்ட் கமிசன் அடிக்கும். கணக்குப் போடுங்க மாப்ளே. 5 குடுத்தா 8.8 வரும், போனாப் போகுதுன்னு விடலாம். 1 குடுத்தா 0.8 வரும். ரெட்டிப்பாக்கக் குடுத்தது கொறைஞ்சு வருது! அரை வோல்ட் குடுத்தா ஒண்ணுமே வராது. சின்ன வோல்ட்டுன்னா டயோடுக்கு அவ்வளவு எளக்காரம்.

சித்த இருங்க, டீ வரட்டும். ரெண்டு வடையும் சொல்லுங்க. காசு நீங்கதான்.

இப்பக் கேளுங்க. ரெட்டிப்பாக்கோணும்னா பாதியாக்கத் தெரியோணும். முழிக்காதீங்க. ஒரு கெழவி கூலி வாங்க உக்காந்திருக்கறா. கையில முழுசா 5 ரூவா வந்தாத்தான் எந்திரிப்பேங்கறா. நடுவுல இருக்கற மேஸ்திரி எது வந்தாலும் பாதியை மடியில கட்டிக்குவான். அப்ப முதலாளி எவ்வளவு எடுத்து வெக்கோணும்? பத்து! ஆப் ஆம்ப்புங்கறது இவ்வளவுதான். ப்ளஸ் கால்ல உங்க வோல்ட்டு, அதுதான் கெழவி கேக்குற கூலி. அவுட்புட்டுல வர்றதை ரெண்டு சம ரெசிஸ்டர் பாதியாக்கி மைனஸ் கால்ல கொண்டாந்து காட்டுது. ரெண்டு காலும் சமமாகற வரைக்கும் ஐசி அவுட்புட்டை ஏத்திட்டே போகும். பாதி சமமாகோணும்னா முழுசு ரெட்டிப்பா இருந்தே ஆகோணும்.

அவுட்புட்டுல கொஞ்சத்தைத் திருப்பிக் கொண்டாந்து வாசல்லயே அடக்கி வெக்குற இந்த ரோசனை ஹெரால்டு பிளாக்குன்னு ஒரு பெல் லேப்ஸ் ஆளுக்கு வந்தது. 1927 ஆகஸ்ட் 2ந் தேதி, ஃபெர்ரியில வேலைக்குப் போறப்ப. கையில இருந்த நியூயார்க் டைம்ஸ் பேப்பர் மேலயே எழுதிட்டாரு. காப்புரிமை வாங்கறதுக்குள்ள 1937 ஆயிப்போச்சு, ஆபீஸ்காரங்க நம்பவே இல்லை. நீங்களும் டெய்லி உடுமலை பஸ்ல போறீங்க. ரீல்ஸ் எப்படிப் போயிட்டிருக்குது?

அந்த ஆப் ஆம்ப்புக்கு எல்எம்358 ஐசி வாங்குங்க. 741 வேண்டாம். அது 1968ல வந்த பெரியவரு, எனக்கு அவருமேல பக்தி உண்டு. ஆனா ஒத்தை 12 வோல்ட் சப்ளையில வெச்சா அவுட்புட் ஒண்ணு ரெண்டு வோல்ட்டுக்குக் கீழ எறங்காது. நீங்க சைபர் குடுத்தாலும் கன்வேயர் மெதுவா ஓடிட்டே இருக்கும், நார் போய்ச் செவுத்துல குவியும். 358 கிட்டத்தட்டத் தரையைத் தொடும்.

சிக்னல் 3ம் கால்ல. 1க்கும் 2க்கும் நடுவுல ஒரு 10 கே, 2ல இருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 10 கே. 8ல 12 வோல்ட், 4 கிரவுண்டு. 8க்கும் 4க்கும் ஒட்டினாப்புல ஒரு 0.1 மைக்ரோஃபாரட். அதே ஐசிக்குள்ள இன்னொருத்தன் சும்மா உக்காந்திருப்பான், 5ம் காலைக் கிரவுண்டுல போட்டு 6யும் 7ஐயும் சேத்துக் கட்டிருங்க. அந்தரத்துல விட்டா அவம்பாட்டுக்கு ஆடுவான்.

ரெசிஸ்டர்ல மிச்சம் புடிக்காதீங்க. 5 சதவீத ரகம்னா மோசமான ஜோடி அமைஞ்சா ரெண்டு மடங்குக்குப் பதிலா 1.9 இல்லாட்டி 2.1 வரும், 10 வோல்ட் வரவேண்டிய எடத்துல அரை வோல்ட் பெசகும். 1 சதவீத ரகம் ஒண்ணும் சொத்தை விக்கற வெலை இல்லை.

12 வோல்ட்டுங்கறதுல ஒரு சூட்சுமம் இருக்குது. 358 சப்ளைக்கு ஒண்ணரை வோல்ட் கீழயே நின்னுக்கும். 10 வோல்ட் சப்ளை குடுத்துட்டு 10 எதிர்பாத்தா 8.5தான் கெடைக்கும். டிரைவ்லயே 24 வோல்ட் டெர்மினல் இருக்குதேன்னு ஆசைப்படாதீங்க. ஐசி தாங்கும், அது 32 வரைக்கும் தாங்கற ஆளு. ஆனா அந்த மேஸ்திரி ரெசிஸ்டர்ல ஒரு சால்டர் விட்டுப்போச்சுன்னா 22 வோல்ட்டுக்கு மேல போய் டிரைவ் நெத்தியில அடிக்கும்.

போர்டு கிரவுண்டு, 12 வோல்ட் அடாப்டர் மைனஸ், டிரைவ் காமன், மூணையும் சேத்துக் கட்டோணும். ஆர்டுயினோ குடுக்கறது நெசமான 0 முதல் 5 இல்லைங்கறது தெரியுமா? 490 ஹெர்ட்ஸ்ல வெட்டி வெட்டி வர்ற பிடபிள்யூஎம். ஒரு 10 கே, ஒரு 10 மைக்ரோஃபாரட் போட்டு வழவழப்பாக்கித்தான் 3ம் காலுக்கு விடோணும். இல்லாட்டி அந்த வெட்டையும் ஐசி விசுவாசமா ரெட்டிப்பாக்கும். அதோட சொந்தப் பெசகு ரெண்டு மூணு மில்லிவோல்ட்டு, அதையுந்தான் ரெட்டிக்கும். 10 வோல்ட்டுல அது தூசி. இதையே தெர்மோகப்பிள்ல மாட்டி வெச்சீங்கன்னா, டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட் குடுக்கற சாமானுக்கு 3 மில்லிவோல்ட் பெசகு 70 டிகிரிக்கு மேல பொய் சொல்லும்.

ஆமா, அந்த டிரைவோட புக்கு எங்க? பையில இருக்குதா, கவர்கூடப் பிரிக்கலையே. அனலாக் இன்புட் பக்கத்தை எடுங்க. முழு வேகத்துக்கு எத்தனை வோல்ட்டுன்னு ஒரு பாராமீட்டர் இருக்குதா? 10ன்னு இருக்கறதை 5ன்னு மாத்துனா 5லயே 50 ஹெர்ட்ஸ் போகுமே. போர்டு டிரைவ் பக்கத்துலயே இருந்தா இதுவே போதும். உங்க போர்டு அந்தக் கோடியில இருந்து மோட்டார் ஒயரோட சேந்து வருதுன்னா மட்டும் ஐசியைப் போர்டுகிட்டயே வெச்சு 10 வோல்ட்டா அனுப்புங்க, எரைச்சலுக்கு அது கொஞ்சம் தாக்குப் புடிக்கும்.

மொறைக்காதீங்க மாப்ளே. இதை மொதல்லயே சொல்லியிருந்தா டீ வாங்கிக் குடுத்திருப்பீங்களா? இன்னொரு வடை சொல்லுங்க, மெதுவடை.