பரணில் கிடந்த பானா

கே: தாத்தாவின் பெட்டியில் இரட்டைவாய் பானா ஒன்று இருக்கிறது. ஒரு வாயருகே ‘3/8 டபிள்யூ’, அதன் கீழே ‘7/16 பி.எஸ்.’ என்று பொறித்திருக்கிறது. அளந்து பார்த்தால் வாய் 18 மில்லிமீட்டர்! 3/8 அங்குலம் 9.5 மில்லிமீட்டர்தானே? தப்பாகப் பொறித்துவிட்டார்களா?
- சோழம்பேடு சாலை வாசகர், திருமுல்லைவாயில்

ப: பொறித்ததும் சரி, நீங்கள் அளந்ததும் சரி. அந்த எண் பானாவின் வாய்க்கு உரியதல்ல, போல்ட்டின் தண்டுக்கு உரியது. ‘டபிள்யூ’ என்றால் விட்வொர்த். 3/8 அங்குல விட்வொர்த் போல்ட்டின் தலையைப் பிடிக்க 0.71 அங்குல வாய் வேண்டும். அதுதான் உங்கள் 18 மில்லிமீட்டர். ‘பி.எஸ்.’ வகை போல்ட்டுக்குத் தண்டு பருமனாக இருந்தாலும் தலை சிறியது. அதனால் 7/16 போல்ட்டுக்கும் இதே வாய் பொருந்திவிடும்.

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை போட்டது. இங்கே செய்த நட் அங்கே செய்த போல்ட்டில் ஏறாது. 1841-ல் ஜோசப் விட்வொர்த் இதற்கு ஒரு முடிவு கட்டினார். எல்லா மரைக்கும் 55 டிகிரி கோணம், ஒவ்வொரு பருமனுக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரை என்று வகுத்தார். பிரிட்டிஷ் லேத், பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் பலவும் அந்த வழியில் வந்தவை. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கியதும் பிரிட்டிஷ் கூட்டில்தான். நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது 1956-ல். உங்கள் தாத்தா தொழில் பழகியது அங்குல காலத்தில் என்பதற்கு இந்தப் பானாவே சாட்சி.

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய லேத் ஓடும் பட்டறையில் இதற்கு இன்றும் வேலை இருக்கிறது. 3/8-க்கு 18-ம் நம்பர் மெட்ரிக் பானாவும் ஒத்துப்போகும். ஆனால் 1/2 அங்குல விட்வொர்த்துக்கு வாய் 23.4 மில்லிமீட்டர், அங்கே 24-ஐப் போட்டுத் திருகினால் நழுவி, நட்டின் முனை மழுங்கிவிடும்.

கே: எங்கள் வீட்டுச் சுத்தியலில் காக்கா கால் மாதிரி மூன்று கோடு. கீழே ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து. கம்பெனி முத்திரையா?
- ஆவடி வாசகி

ப: சர்க்கார் முத்திரை. அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் உடைமைக்கு அடையாளம். கீழே உள்ள எழுத்து இந்தியாவைக் குறிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது உங்கள் ஆவடி பெரிய ராணுவக் கிடங்கு.

கே: அப்படியானால் இது திருட்டுச் சாமானா? (அதே வாசகி)

ப: கவலையே வேண்டாம். போர் முடிந்ததும் உபரிச் சாமான்களை அரசே விற்றது. வாங்கியவர் கை, அவர் பிள்ளை கை என்று மாறி உங்களிடம் வந்திருக்கும்.

கே: உள்ளங்கை நீளத்தில் தட்டை இரும்பு. ஓரத்தில் வெவ்வேறு அகலத்தில் சின்னச் சின்ன வெட்டுகள். சாவியா?
- அண்ணனூர் வாசகர்

ப: தச்சருடையது. ரம்பப் பல்லை அந்த வெட்டுக்குள் மாட்டி, ஒன்றை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் லேசாகச் சாய்ப்பார்கள். அறுபடும் தடம் தகட்டைவிட அகலமானால்தான் ரம்பம் மரத்தில் சிக்காது. கை ரம்பத்தின் கனத்துக்கு ஏற்ற வெட்டைத் தேர்ந்தெடுக்கவே இத்தனை அகலம்.

கே: ஒரு முனை ஊசி, மறுமுனை சிறு கத்தி, இரண்டும் கைப்பிடிக்குள் மடங்குகின்றன. வைத்தியர் கருவியா?
- அம்பத்தூர் வாசகர்

ப: மடக்கெழுத்தாணியாகத்தான் இருக்கும். கத்தி ஓலையை நறுக்க, ஊசி எழுத. தயவுசெய்து சாணை பிடிக்காதீர்கள்! எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒருமுறை காட்டிக் கேளுங்கள். அந்த வீட்டில் ஓலை எழுதியவர் யார் என்றும் பெரியவர்களிடம் விசாரியுங்கள்.

கே: துருவைக் கிரைண்டரில் தேய்த்து எடுக்கலாமா?
- திருமுல்லைவாயில் வாசகர்

ப: கூடவே கூடாது. துருவோடு எழுத்தும் போய்விடும். எழுத்து போனால் ஊர், பேர், வயசு எல்லாம் போச்சு. டீசலில் ஓரிரவு ஊறப்போட்டு, பித்தளை பிரஷால் மெல்லத் தேயுங்கள். பிறகு இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தெரியும். மங்கலாக இருந்தால் சாக்பீஸ் தூளைத் தடவித் துடையுங்கள். குழிக்குள் வெள்ளை நிற்கும்.

கே: விற்றால் என்ன கிடைக்கும்? (பெயர் வேண்டாம் என்கிற வாசகர்)

ப: காயலான் கடையில் கிலோ கணக்குதான். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக, டர்னராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். கருவியை அவர்களில் ஒருவர் கையில் கொடுத்து, எப்படிப் பிடிப்பார் என்று பாருங்கள். பெயரையும் பயனையும் கேட்டு, ஓர் அட்டையில் எழுதிக் கருவியோடு கட்டிவையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.