எழுபத்திரண்டில் ஓர் உளுந்தூர்பேட்டை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருக்கும் அந்த மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அளவு நாடாவின் ஒரு முனையை மனைவி கையில் கொடுத்து, "இதைப் பிடிச்சுக்கிட்டு நில்லு" என்றார். மறுமுனையோடு கூடத்தைத் தாண்டினார், நடையைத் தாண்டினார், கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினார், எதிர்வீட்டுப் படியில் போய் நின்றார். நாடா தீர்ந்துவிட்டது. "இன்னும் முப்பத்து மூணு அடி வேணும்!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். தெருவை அகலப்படுத்த ஆள் வந்துவிட்டது என்று நினைத்த எதிர்வீட்டுக்காரர், பட்டாவைத் தேடி உள்ளே ஓடினார்.

அவர் அளந்தது ஒரு விமான ஓடுதளத்தை.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை 'ஏ' வகுப்புத் தளங்களுக்கு ஓர் இலக்கணம் வைத்திருந்தது. முதன்மை ஓடுதளம் 2000 கஜம் நீளம், 50 கஜம் அகலம். மாதிரி விமானம் ஒட்டுபவர்களின் வழக்கமான அளவு 72-இல் ஒரு பங்கு. அதாவது நிஜத்தில் ஆறடி, பலகையில் ஓர் அங்குலம். அப்படிச் சுருக்கிய பிறகும் ஓடுதளம் 83 அடி 4 அங்குலம் வந்தது. கடைசி முப்பத்து மூன்று அடி எதிர்வீட்டுச் சமையலறை வழியாகப் போயாக வேண்டும்.

ஊரான் வீட்டையும் சேர்த்து அளப்பது கடலூருக்குப் புதிதல்ல. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியது. சென்னையில் எலிஹு யேல் ஆளுநராக இருந்த காலம். எல்லை குறிக்க நாடாவும் இல்லை, சங்கிலியும் இல்லை. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட வேண்டியது. குண்டு போய் விழும் தூரம் வரை கம்பெனிக்குச் சொந்தம். அப்படி வளைக்கப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. நம்மவரிடம் பீரங்கி இல்லை. எனவே மூன்றடிக்கு இரண்டடி ஒட்டுப்பலகை ஒன்றை வாங்கி வந்து, உளுந்தூர்பேட்டை விமானத்தளத்தின் ஒரு மூலையை மட்டும் செய்வது என்று இறங்கி வந்தார். மண்கரை கட்டிய ஒரு விமானக் கொட்டடி, ஒரு ஹரிக்கேன் போர் விமானம், ஒரு பெட்ரோல் லாரி, நாலு சிப்பாய், மூன்று பனைமரம். ஓடுதளம் பலகைக்கு வெளியே இருப்பதாகப் பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும்.

"ஓடுதளமே இல்லாத ஏரோடிராமா?" என்றார் மனைவி. அன்றிலிருந்து வீட்டில் அவருக்கு 'ஏர் மார்ஷல்' என்று பெயர்.

ஏன் உளுந்தூர்பேட்டை? அவரிடம் கேட்டால் 1942-இல் ஆரம்பிப்பார். அந்த ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் 5-ஆம் தேதி கொழும்பிலும், 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-ஆம் தேதி திருகோணமலையிலும் குண்டு போட்டன. சென்னைப் பட்டணம் மூட்டை கட்டியது. குண்டுவீச்சில் கூண்டு உடைந்து புலியும் சிங்கமும் ஊருக்குள் வந்துவிடுமே என்ற பயத்தில், உயிர்க்காட்சிச்சாலை மிருகங்களைச் சுட்டே கொன்றார்கள். அந்தக் கலவரமான வருஷங்களில்தான் தமிழ்நாட்டின் பொட்டல்களில் விமானத்தளங்கள் முளைத்தன. சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு. போர் முடிந்ததும் விமானங்கள் போய்விட்டன. தளங்கள் அங்கேயே கிடந்தன. சோழவரத்தில் பின்னால் கார் பந்தயம் விட்டார்கள். கயத்தாற்றை விமானத்தளமாக யாரும் நினைப்பதில்லை. கட்டபொம்மன் தூக்கில் தொங்கிய ஊர் என்றால்தான் தெரியும்.

உளுந்தூர்பேட்டை இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம், அதற்கு முன் விழுப்புரம் மாவட்டம். போர்க்காலத்திலோ அது தென்னார்க்காடு, தலைநகர் கடலூர். "அன்னிக்கி அந்த ஏரோடிரோமுக்கு நாமதான் ஹெட் குவார்ட்டர்ஸ்" என்பார் ஏர் மார்ஷல், மாவட்டப் பிரிவினையில் சொந்த நிலத்தைப் பறிகொடுத்தவர் மாதிரி.

விமானம் பெட்டியில் வந்தது. பெட்டி மேல் ஹரிக்கேன் மேகத்தைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் அறுபது எழுபது பிளாஸ்டிக் துண்டுகள், சட்டகத்தில் முருங்கைக்காய் மாதிரி தொங்கின. இந்தத் தொழிலின் பூர்வீகம் வேடிக்கையானது. இங்கிலாந்தில் 1939-இல் நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரிக்காரர் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் கம்பெனி முதலில் செய்தது காற்றடைக்கும் ரப்பர் பொம்மை. போருக்குப் பிறகு பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரம் வாங்கிச் சீப்பு அடித்தது. சட்டைப்பைச் சீப்பு அடித்த கைதான் பிறகு ஸ்பிட்ஃபயர் விமானம் அடித்தது. அதற்கும் முன்னால் போரே இந்தப் பொம்மைகளைக் கேட்டு வாங்கியிருக்கிறது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானம் எது, நம் விமானம் எது என்று வீரர்களுக்கு அடையாளம் காட்டப் பயிற்சி தருவதற்காக, 72-இல் ஒரு பங்கு அளவில் ஐந்து லட்சம் மர விமானங்களைச் செய்து தரும்படி பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டது. அந்த அளவில் செய்த விமானத்தை 35 அடி தள்ளி நின்று பார்த்தால், நிஜ விமானத்தை ஏறக்குறைய அரை மைலுக்கு அப்பால் பார்ப்பதற்குச் சமம்.

இதை மனைவியிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஒட்டி முடித்ததும் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, "35 அடி தள்ளி நின்னு பார்த்தா நல்லாத்தாங்க இருக்கு" என்றார்.

ஒட்டியதும் சுலபமாக நடக்கவில்லை. பிராணனை வாங்கிய முதல் எதிரி மின்விசிறி. விமானத்தில் சொந்தமாகப் பறந்த ஒரே பாகம், மேசையிலிருந்து கிளம்பிக் கோரைப்பாய்க்கு அடியில் இறங்கிய அதன் விசிறிதான். புகைபோக்கிக் குழாய் ஒன்று வீடு பெருக்கும் அம்மாவின் முறத்தோடு போனது. விமானியின் கண்ணாடிக் கூரையை ஒட்ட, அவசரத்துக்கு ஃபெவிக்விக்கை எடுத்தார். அந்தப் பசையின் ஆவி கண்ணாடியில் படிந்தால் வெண்மை பூத்துவிடும்; லேசில் போகாது. உளுந்தூர்பேட்டை சித்திரை வெயிலில் விமானி மட்டும் மார்கழிப் பனிக்குள் உட்கார்ந்திருந்தார்.

அடுத்து வட்டச் சின்னம். பெட்டியில் இருந்தது ஐரோப்பியப் போர்முனைக்கான சின்னம்: நீல வட்டம், வெள்ளை வட்டம், நடுவில் சிவப்பு. இந்தியா, பர்மா பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் அந்தச் சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பானிய விமானத்தின் செங்கதிரோன் சின்னம் என்று நினைத்து நம் ஆளே நம் ஆளைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஏர் மார்ஷல் மெல்லிய தூரிகையால் நடுச்சிவப்பை மூடிக்கொண்டிருந்தார். பின்னால் வந்து நின்ற மனைவி பதறிப்போனார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னங்க பொட்டை அழிக்கிறீங்க!"

போர்த் தந்திரத்தை விளக்கிப் பார்த்தார். எடுபடவில்லை. மிச்சப் பொட்டுகளைச் சனிக்கிழமை அழித்தார்.

மண்கரைக்குத் தெர்மாகோலை அறுத்து அடுக்கினார். கீழே விழும் குண்டின் சிதறல் பக்கத்து விமானத்தில் படாமல் தடுக்கத்தான் நிஜத் தளங்களில் விமானங்களை ஒன்றுக்கொன்று தள்ளி, மண்கரைக்குள் நிறுத்தினார்கள். அழகாக வந்திருந்த கரைக்குச் செம்மண் நிறம் கொடுக்க, ஹார்டுவேர் கடையில் வாங்கிய ஸ்பிரே டப்பாவை மொட்டைமாடியில் வைத்து அழுத்தினார். ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும் என்பது டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. கண்ணெதிரே கரை பொரிந்தது, குழிந்தது, சுருங்கிப் பாதாளம் போனது. துணி எடுக்க வந்த மனைவி எட்டிப் பார்த்தார்.

"ஜப்பான்காரன் வந்துட்டுப் போயிட்டானா?"

இரண்டாவது கரையைப் பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்த கூழில் பிடித்தார். கடலூர் வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்பவர்கள் காகிதக்கூழையும் களிமண்ணையும் வைத்துத் தலைமுறைகளாகச் செய்துவருவதைத்தான், இவர் வெளிநாட்டு வீடியோ பார்த்துப் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் பண்ருட்டிச் செம்மண்ணைச் சலித்துத் தூவினார். தென்னந்துடைப்பக் குச்சியில் பத்து அங்குலத்துக்குப் பனைமரம் நின்றது. நிஜத்தில் அறுபது அடி. எல்லாம் கணக்கு. ஒரு சிப்பாய் ஒன்றேகால் அங்குலம் இருக்கிறார், ஏழரை அடி ஆள் ராணுவத்தில் ஏது என்று அவர் காலை அரம் போட்டுத் தேய்த்தார்.

நவராத்திரி வந்தது. சிதம்பரத்தில் மேலவீதிப் பக்கம் மாமியார் வீடு. "மாப்பிள்ளை ஏதோ பார்க் செஞ்சிருக்காராமே, கொலுவுக்குக் கொண்டாங்க" என்று போன் வந்தது. பார்க் இல்லை, போர்க்கால ராணுவ விமானத்தளம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மனைவி, "கொண்டு வர்றோம்மா" என்று வைத்துவிட்டார்.

பஸ்ஸில் பலகையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடத்துநர் துணியை விலக்கிப் பார்த்து, "லக்கேஜ் போடவா, இதுக்கும் சீட்டு போடவா?" என்றார். ஆலப்பாக்கத்தில் முதல் வேகத்தடை. ஒரு பனை சாய்ந்தது. புதுச்சத்திரத்தில் பெட்ரோல் லாரி விமானத்தின் மேல் ஏறியது. முட்லூர் தாண்டுவதற்குள் சிப்பாய்கள் நால்வரும் மண்கரைக்குப் பின்னால் குப்புறப் படுத்துவிட்டார்கள். விமானத் தாக்குதலின்போது செய்ய வேண்டியதும் அதுதான்.

கொலுவில் அளவு என்று ஒரு சட்டம் கிடையாது. மாமியாரின் ஏழு படியில் செட்டியார் பொம்மை பக்கத்துக் கோபுரத்தை விட உயரம். அவர் கடைப் பூசணிக்காய் ஒன்றுக்குள் கல்யாண கோஷ்டி மொத்தமும் குடியிருக்கலாம். தசாவதாரத்துக்குப் பக்கத்தில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மட்டை வாமனரின் குடையை விடப் பெரியது. எழுபத்திரண்டால் வகுத்தே பழகிய கண்ணுக்கு இது தலைசுற்றியது. விமானத்தளம் படிக்குக் கீழே, தெப்பக்குளத்துக்கும் செட்டியார் கடைக்கும் நடுவில் இறங்கியது. அவர் அசந்த நேரம் மாமியார், "மொட்டையா இருக்கே" என்று மண்கரையைச் சுற்றிக் கேழ்வரகு தெளித்துத் தண்ணீர் விட்டார்.

நான்காம் நாள் பயிர் இரண்டு அங்குலம் நின்றது. 72-ஆல் பெருக்கினால் பன்னிரண்டு அடிப் புல். ஆறாம் நாள் ஹரிக்கேன் கண்ணிலேயே படவில்லை. பர்மா காட்டில் விழுந்த விமானத்தைத் தேடுவதுபோல விலக்கித் தேட வேண்டியிருந்தது. யார் கையிலிருந்தோ தவறி விழுந்த சுண்டல் கடலை ஒன்று தளத்தில் கிடந்தது. கணக்குப்படி இரண்டேகால் அடிப் பாறை. அதை இடுக்கியால் எடுக்கப் போனவரை, "ஸ்வாமி பிரசாதம், கிடக்கட்டும்" என்று மாமியார் தடுத்துவிட்டார்.

எட்டாம் நாள் சாயங்காலம் தெருக்கோடியிலிருந்து ஓர் ஆயா வந்தார். தொண்ணூறைத் தொட்ட வயசு. பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது எந்த ஊர் தம்பி?"

"உளுந்தூர்பேட்டைங்க ஆயா. சண்டை சமயத்துல இருந்த ஏரோடிரோம்."

ஆயா நிமிர்ந்தார். "எனக்குப் பொறந்த ஊரு அந்தப் பக்கந்தான். ப்ளேன் எறங்கி நான் பார்க்கல. சின்னப் புள்ளைல அந்தச் சிமிட்டிக் களத்துப் பக்கந்தான் மாடு ஓட்டிட்டுப் போவோம். எல்லாம் சரியாத்தான் இருக்கு. மாடு எங்க?"

ஏர் மார்ஷலுக்குப் பதில் இல்லை. ஆறு மாத ஆராய்ச்சியில் லாரியின் டயர் அகலம் வரை பார்த்தவர், மாட்டைப் பார்க்கவில்லை. ஆயா காத்திருக்கவில்லை. மூன்றாம் படியில் கிருஷ்ணனுக்குப் பக்கத்திலிருந்த வண்டிப்பாளையத்து மண் பசுவை எடுத்து, கேழ்வரகை விலக்கி, ஹரிக்கேனின் மூக்குக்கு நேர் எதிரே வைத்தார்.

அன்றிரவு எல்லோரும் தூங்கிய பிறகு அவர் அளவுகோலோடு போய்ப் பார்த்தார். பசுவின் உயரம் 9 சென்டிமீட்டர். 72-ஆல் பெருக்கினார். இருபத்தோரு அடி. எடுக்கலாமா என்று கை நீட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

விஜயதசமி முடிந்து பொம்மைகளைத் துணியில் சுற்றிக் கட்டினார்கள். விமானத்தளத்துக்கு மாமியார் தனி அட்டைப்பெட்டி பிடித்து வைத்திருந்தார். மூடி மேல் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: "உளுந்தூர்பேட்டை. மாடு உட்பட."