படல்கோள்: போகி இரவின் களவு குறித்து ஓர் ஆய்வு

புறத்திணை பற்றிப் பேசுகிறவர்கள் வெட்சியில் தொடங்குவார்கள். இரவோடு இரவாகப் பகைவர் நாட்டுக்குள் புகுந்து ஆநிரையை ஓட்டிக்கொண்டு வருவது வெட்சி. தொல்காப்பியர் அதற்கு இலக்கணம் வகுத்தார். இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் உரை எழுதினார்கள். இத்தனை பேர் சேர்ந்து மாட்டுக்குக் காட்டிய அக்கறையில் கால்பங்குகூட மாட்டுக்கொட்டகையின் படலுக்குக் காட்டவில்லை. மார்கழியின் கடைசி நாளுக்கு முந்தின இரவில், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில், பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் கொட்டகைக்குள் நுழைந்து, மாட்டைக் கட்டிய இடத்திலேயே விட்டுவிட்டுப் படலை மட்டும் பிடுங்கிக்கொண்டு போகிறார்களே, அது எந்தத் திணை?

உரையாசிரியர்கள் விட்ட இடத்தை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆவைக் கொள்வது ஆகோள் என்றால் படலைக் கொள்வது படல்கோள். அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்த வாசகருக்காக ஒரு குறிப்பு: மூங்கில் கழியையோ பனைமட்டையையோ சட்டமாகக் கட்டி, இடையில் கீற்றோ முள்ளோ வைத்து அழுத்தினால் படல். தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கயிற்று வளையம்தான் காவல்.

போகி என்றதும் மேடையில் நன்னூல் வந்துவிடும். பவணந்தி முனிவர் சொல்லதிகாரத்தின் முடிவில், பழைய வழக்குகள் மறைவதும் புதியவை வந்து சேர்வதும் குற்றமாகாது என்று இலக்கணக்காரர்களைச் சமாதானப்படுத்தினார். அதைக் கிழிந்த பாய்க்கும் அடி போன முறத்துக்கும் பொருத்தி ஆண்டுதோறும் ஜனவரி 13ஆம் தேதியோ 14ஆம் தேதியோ தொலைக்காட்சியில் விளக்கம் சொல்கிறார்கள். களத்தில் இறங்கும் பையன்களுக்கு இந்தத் தத்துவம் தேவைப்பட்டதே இல்லை. அவர்களுடையது உயரக் கணக்கு. கீழத்தெரு நெருப்பு எவ்வளவு உயரம், நம் தெரு நெருப்பு எவ்வளவு உயரம்?

ஒரு வீட்டிலிருந்து நியாயமாகக் கிடைக்கக்கூடியது ஒரு கோரைப்பாய், ஒரு தேய்ந்த விளக்குமாறு, மிஞ்சிப்போனால் ஓர் ஓட்டைக் கூடை. இவை குபீரென்று பற்றிச் சட்டென்று அடங்குகிற வகை. முச்சந்தி நெருப்போ பின்னிரவில் மூட்டி விடியும்வரை நிற்கவேண்டும். வெளிச்சத்துக்குத் தென்னங்கீற்று வேண்டும். சத்தத்துக்கு மூங்கில் வேண்டும். கணுக்களுக்கு நடுவே அடைபட்ட காற்றும் ஈரமும் சூடேறி வெடிக்கும்போது அடுத்த தெருவுக்கே செய்தி போய்விடும். நின்று எரிவதற்குப் புளி, வேம்பு, வேலிக்கருவை என்று ஏதாவது கட்டை வேண்டும். இம்மூன்றில் கீற்றும் மூங்கிலும் ஒரே சட்டத்தில் சேர்ந்து கிடைக்கும் பொருள் படல். பையன்கள் அதைத் தேர்ந்தெடுத்ததில் அறிவியல் இருக்கிறது.

காலமும் தோதான காலம். தை பிறக்கும்போது சம்பா அறுவடைக்கு வந்துவிடும். புது வைக்கோல் வரப்போகிறது என்பதால் பழையதன் மேல் யாருக்கும் பற்று இருக்காது. கூரை மாற்றுவது, வேலி கட்டுவது, வெள்ளையடிப்பது எல்லாம் பொங்கலை ஒட்டித்தான் நடக்கும். ஆகவே, ஊரில் எரிக்கத் தகுந்தது மிகுதியாகவும், எது எரிக்கத் தகுந்தது என்ற குழப்பம் அதைவிட மிகுதியாகவும் இருக்கும் இரவு ஆண்டுக்கு ஒன்றே.

இனித் துறைகள். வெட்சியின் துறைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தால், தொல்காப்பியர் போகியை மனத்தில் வைத்துத்தான் எழுதினாரோ என்ற ஐயம் வருகிறது. போருக்குப் புறப்படுமுன் பாக்கத்தில் நின்று, யாரோ எதற்கோ சொல்லும் சொல்லை நிமித்தமாகக் கொள்வது விரிச்சி. இங்கே விரிச்சி சொல்பவர் அம்மா. “போய்ப் படுங்கடா, நாலு மணிக்கு நானே எழுப்புறேன்” என்று சொல்லிவிட்டுக் கதவைத் தாழிடாமல் போனால் நற்சொல். தாழிட்டாலும் கெட்டசொல் ஆகிவிடாது, பின்கட்டு இருக்கிறது.

ஒற்றறிதலாகிய வேய் ஒரு வாரம் முன்பே ஆரம்பமாகும். அந்த வாரத்தில் மட்டும் ரப்பர் பந்து ஏன் திரும்பத் திரும்ப ஒரே வீட்டுத் தோட்டத்தில் விழுகிறது என்று பெரியவர்கள் யோசிப்பதில்லை. இத்துறையைப் பையன்களுக்கு மட்டும் உரியதாக எழுதுவது ஆய்வாளரின் சோம்பேறித்தனம். மார்கழி முழுக்க இருட்டோடு எழுந்து வாசலில் கோலம் போட்டுப் பரங்கிப்பூ வைக்கிற பெண்பிள்ளைகளுக்குத்தான் எந்த வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், யார் எழுந்தபின் எவ்வளவு நேரம் இருமுகிறார் என்பது துல்லியமாகத் தெரியும். படலைத் தூக்கியவன் பெயர் ஊரில் நிற்கும். உளவு சொன்ன அக்காவுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் ஒரு துண்டு கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

படை புறப்படும் ஓசையைத் தொல்காப்பியர் வெட்சித் துறைகளில் முதலாவதாக வைத்தார். திருட்டுத்தனமாகப் போகிறவனுக்கு எதற்கு ஓசை என்று கேட்கிறவர்கள், போகி இரவில் ஏழு வயதுப் பையன் கையில் கொட்டு கொடுத்துப் பார்த்ததில்லை. வட மாவட்டங்களில் போகிக்கு என்றே ஒரு சின்ன மேளம் விற்பார்கள். வளையத்தில் தோல் போர்த்தி, கூடவே ஒரு குச்சி தருவார்கள். பனியில் தோல் தொய்ந்துபோகும், தீயில் காட்டினால் முறுகும். கொட்டு தன்னுடையது என்பதாலேயே அந்தப் பையனைக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. கூட்டிப்போனால் கொட்டாமல் இருக்கமாட்டான். எந்தப் படையும் தீர்த்துவைக்காத சிக்கல் இது.

நாய் ஒரு சிக்கலே அல்ல. தெருநாய்க்குப் பகல் முழுக்கப் பொறை போடுகிறவர்களே இவர்கள்தான். அது குரைக்காது, நட்பு முறையில் கூடவே வரும். அடுத்த தெரு எல்லைக்குப் போனதும் அந்தத் தெரு நாய்களோடு அதற்கு இருக்கும் பழைய கணக்குத்தான் படையெடுப்பைக் காட்டிக்கொடுக்கும்.

கோள் நடக்கும் கணத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கவேண்டும். கயிற்று வளையம் பனியில் நனைந்து இறுகியிருக்கும். விரலால் முடியாது, பல்லால் இழுக்கவேண்டும். வாயில் சாணி வாடை ஏறும். படலின் கீழ்க்கட்டை மண்ணில் புதைந்திருப்பதால் நேராகத் தூக்கக்கூடாது. ஒருவன் மேல்முனையைத் தன்பக்கம் சாய்த்துக்கொள்ள, மற்றவன் அடியில் கைகொடுத்து அசைத்து அசைத்து எடுக்கவேண்டும். இதற்குள் படுத்திருந்த பசு எழுந்து நிற்கும். கழுத்துமணி ஒரு தரம் அடிக்கும். எல்லாரும் அப்படியே நிற்பார்கள். திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும்: “எவன்டா அவன்? படலை வெச்சிட்டுப் போங்கடா, மாடு வெளிய போயிடும்!”

பையன்களில் ஒழுக்கம் மிகுந்த ஒருவன் பதில் சொல்வான்: “உங்க படல் இல்ல ஆயா, இது வேற வீட்டுது!”

பூசல் மாற்று என்னும் துறை இத்துடன் முடிந்து ஓட்டம் தொடங்குகிறது. பகைவர் தொடர்ந்து வந்தால் எதிர்த்து நிற்கவேண்டும் என்பது பழைய மரபு. ஆயா தொடர்ந்து வரமாட்டார், காலையில் பால் கொடுக்கும்போது அம்மாவிடம் சொல்லுவார். அதை எதிர்த்து நிற்க எந்த மறவனாலும் ஆகாது. பங்கு பிரிக்கும் பாதீடு இங்கே முதல் தீக்குச்சியை யார் கிழிப்பது என்ற தகராறாகச் சுருங்கிவிட்டது. உண்டாட்டில் கள் இல்லை, தணலில் புதைத்துச் சுட்ட கிழங்கு உண்டு.

ஓரிடத்தில் மட்டும் இலக்கணம் முட்டுகிறது. கவர்ந்து வந்த ஆவைப் பாதுகாக்கவேண்டும் என்பது தொல்காப்பியர் விதி. பையன்கள் கொளுத்திவிடுகிறார்கள். பாதுகாத்தால் விடிந்ததும் அடையாளம் கண்டு திரும்ப வாங்கிப்போவார்கள் என்ற நடைமுறை அறிவு இதில் தெரிகிறது.

எல்லாவற்றையும் எடுத்துவிட மாட்டார்கள் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். நுகத்தடி, கலப்பை, உலக்கை மூன்றும் விலக்கு. முதலிரண்டும் மாட்டுப்பொங்கலன்று பொட்டு வைத்துப் படைக்க வேண்டியவை. உலக்கையைத் தொட்டால் விழுகிற அடி அதே உலக்கையால்தான் விழும். புது வண்டிச்சக்கரமும் விலக்கு. ஆரம் உடைந்த பழைய சக்கரம் கொட்டகை ஓரத்தில் மூன்று ஆண்டுகளாகச் சாய்ந்து கிடந்தால் அது ஊர்ச்சொத்து.

சட்டம் என்ன சொல்கிறது? 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் திருட்டு 378ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 303ஆம் பிரிவு. இரண்டிலுமே ஒரு விளக்கம் உண்டு. மண்ணோடு ஒட்டியிருக்கும்வரை ஒரு பொருளைத் திருட முடியாது. மண்ணிலிருந்து பிரிந்த கணத்தில் அது திருட்டுக்குத் தகுதி பெறுகிறது. ஆக, வேலிக்காலைப் பாதி பிடுங்கிவிட்டு மாட்டிக்கொண்டவன் இன்னும் திருடனாகவில்லை என்று வாதாடலாம். ஏழு வயதுக்குக் குறைந்தவன் செய்தது குற்றமே ஆகாது. ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால், செய்வதன் தன்மையை அறியும் முதிர்ச்சி அவனுக்கு இருந்ததா என்று பார்க்கவேண்டும். முச்சந்தியில் சாம்பல் பூசி நிற்கிறவனைப் பார்த்தவர் யாரும் இருந்தது என்று சாட்சி சொல்லமாட்டார். பதினெட்டுவரை சிறார் நீதிச் சட்டம் தனியாக இருக்கிறது. பெரியவர்களுக்குப் புதிய சட்டம் ஒரு சலுகை தருகிறது: முதல் தடவையாக இருந்து, பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாகவும் இருந்து, அதையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. படல் எந்தக் கணக்கிலும் ஐயாயிரம் பெறாது. பொருளாகவே திருப்பிக் கொடுப்பதில்தான் சங்கடம். ஒரு முறம் சாம்பலை ஆயாவிடம் நீட்டினால் நீதிமன்றம் ஏற்கலாம், ஆயா ஏற்கமாட்டார். ஏற்றாலும் பாத்திரம் துலக்க எடுத்துக்கொள்வார்.

ஒப்பியல் ஆய்வு இல்லாத கட்டுரைக்குப் பல்கலைக்கழகத்தில் மதிப்பில்லை என்பதால் அசாம்வரை போகவேண்டியிருக்கிறது. அங்கே இதே ஜனவரி நடுவில் அறுவடைத் திருநாளான மாக் பிகு. அதற்கு முந்தைய இரவு உருகா. வயல்வெளியில் மூங்கிலும் வைக்கோலும் வைத்துப் பேலாகர் என்ற குடிலைக் கட்டி, இரவெல்லாம் சமைத்துத் தின்றுவிட்டு, விடிந்ததும் மேஜி என்னும் உயரமான விறகு அடுக்கைக் கொளுத்துவார்கள், குடிலும் எரியும். சாம்பலை வயலில் தூவுவார்கள். அந்த ஓர் இரவில் அக்கம்பக்கத்து வேலி மூங்கிலும் விறகும் தோட்டத்துக் காய்கறியும் காணாமல் போவது அங்கே ஊரறிந்த வழக்கம். பஞ்சாபில் அதே பருவத்து லோஹ்ரிக்குப் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிக் கேட்டு வாங்குகிறார்கள். பாட்டில் வரும் நாயகன் துல்லா பட்டி, அக்பர் காலத்தில் பணக்காரரைக் கொள்ளையடித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்று கதை. கொள்ளையைப் பாட்டில் வைத்துவிட்டதால் பிள்ளைகள் கையில் எடுக்கத் தேவையில்லாமல் போயிற்று போலும். அசாம்காரரிடம் நாம் கற்க வேண்டியது காய்கறி. நம் பையன்கள் இதுவரை கத்தரித்தோட்டத்தைக் கண்டுகொள்ளவில்லை, இந்தக் கட்டுரையை அவர்கள் கண்ணில் படாமல் வையுங்கள்.

இப்போது ஆய்வின் மையம். வெட்சி மறவர் போனது வேற்றுப் புலத்துக்கு. படல்கோள் நடப்பது சொந்த ஊரில், ஆயா, சித்தப்பா, பால்காரர் வீட்டில். கழுத்துமணி அடித்தும், கொட்டு முழங்கியும், நாய்ச்சண்டை நடந்தும், பையன்கள் “ஷ்ஷ்” என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டும் ஒரு படலைத் தெருமுனைவரை இழுத்துச் செல்ல ஐந்து நிமிடமாவது ஆகும். அந்த ஐந்து நிமிடமும் ஓர் ஊரே தூங்குகிறது என்று நம்ப ஆய்வுநெறி இடம்கொடுக்காது. அவர்கள் விழித்துக்கொண்டுதான் கிடக்கிறார்கள். போர்வைக்குள் கிடந்தபடி, இது எந்த வீட்டுப் படல் என்று சத்தத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். திண்ணைக் குரல்கூட ஒரே ஒரு முறைதான் வரும். இரண்டாம் முறை வந்தால் பையன்கள் படலைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள் என்பது குரல்காரருக்குத் தெரியும். இத்துறைக்கு இக்கட்டுரை ‘துயில் புனைதல்’ என்று பெயரிடுகிறது. தூங்குவதாக நடிப்பவர் இல்லாவிட்டால் இந்தத் திணையே கிடையாது. நல்ல படலை முந்தின நாளே உள்ளே எடுத்து வைத்துவிட்டு, இற்றுப்போன படலை வாசலில் கட்டிவைத்த ஆயாக்களும் இருக்கிறார்கள். பாட்டுடைத் தலைமை அவர்களுக்கே உரியது.

திணை தேய்ந்துவருகிறது. 2010இல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 21 லட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக்கக் கிளம்பியது. 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030க்குள் குடிசையே இல்லாத தமிழ்நாடு என்று குறிவைத்திருக்கிறது. ஒழுகும் கூரையைப் போகிக்காகக் காப்பாற்றச் சொல்ல எந்த ஆய்வாளருக்கும் மனம் வராது. ஆனால் கீற்றும் படலும் போன இடத்தில் இரும்புக் கேட் வந்தது. கேட்டைத் திருடினால் எரியாது. பையன்கள் எரிவதைத் தேடினார்கள், டயர் கிடைத்தது. 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் பல விமானங்களைத் தாமதமாக்கின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறது. தெருவில் நின்று பார்த்தால் வாரியத்தின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. டயர் நெருப்பில் யாரும் கிழங்கு சுட்டுத் தின்ன முடியாது.

ஆகவே வாசகருக்கு ஒரு விண்ணப்பம். வரும் போகிக்கு முந்தின இரவு, உடைந்த நாற்காலிக் காலோ, பழைய பாயோ, காய்ந்த தென்னைமட்டையோ இருந்தால் வாசலில் கொஞ்சம் அலட்சியமாக வையுங்கள். சத்தம் கேட்டால் ஒரு தரம் மட்டும் “எவன்டா அவன்?” என்று கேளுங்கள். டயரை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுங்கள்.