நீர் ஓட்டுப் போடாதேயும், மருமகனே!

வாரும் மருமகனே, உக்காரும். ஓட்டுப்பதிவு அன்னைக்கு எதுக்கு லீவு விடுறாங்கன்னு நம்ம வம்சத்துலயே உமக்கு ஒருத்தருக்குத்தான் சரியாப் புரிஞ்சிருக்கு. 2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. சென்னை மாநகராட்சித் தேர்தல். ஓட்டு வேளச்சேரியில இருக்கு, நீரு வெள்ளிக்கிழமை ராத்திரியே பஸ் ஏறி வந்து, எங்க அக்கா வச்ச நாட்டுக்கோழிக் குழம்ப ஒரு பிடி பிடிச்சுட்டு, இதே திண்ணையில குறட்டை விட்டீரு. குத்தம் சொல்லல. சென்னையில அன்னைக்குப் பதிவானது நூத்துக்கு 43 சொச்சம். மிச்சம் அம்புட்டுப் பேருக்கும் அவங்கவங்க மாமன் வீட்டுல கோழிக்குழம்பு போல. பேரூராட்சிகள்ல 74 தாண்டிருச்சாம். பாவம், விவரமில்லாத சனம், வெயில்ல வரிசையில நின்னிருக்கு.

எங்க கூத்து அதைவிட மோசம். 2019 டிசம்பர்ல எங்க ஊருப் பஞ்சாயத்துத் தேர்தல், கையில நாலு சீட்டக் குடுத்துட்டாங்க. வெள்ளை வார்டு மெம்பருக்கு, இளஞ்சிவப்பு தலைவருக்கு, பச்சை ஒன்றியத்துக்கு, மஞ்சள் மாவட்டத்துக்கு. எங்க பெரியாத்தா நாலையும் விசிறி மாதிரி விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, "கத்தரிக்கா நம்ம சொந்தக்காரன், பூட்டு சாவி எனக்குக் கடன் குடுத்தவன், எதுல குத்த?"ன்னு ஊருக்கே கேக்குற மாதிரிக் கேட்டா. பூத்து வேலைக்கு வந்த டீச்சரம்மா சிரிப்ப அடக்கிக்கிட்டு, "பாட்டி, சத்தமாச் சொல்லக் கூடாது"ன்னாங்க.

அந்த டீச்சரம்மா வேற ஒன்றியத்துக்காரங்க. முந்தின நாள் சாயங்காலமே பெட்டியோட வந்து எறங்கினாங்க. பூத்து இருந்த பள்ளிக்கூடத்து ஒண்ணாங்கிளாஸ்ல ரெண்டு பெஞ்ச இழுத்துச் சேத்துப் போட்டுப் படுக்கை, தலைமாட்டுல கொசுவத்தி. கக்கூஸுக் கதவுல தாழ்ப்பாள் கெடையாது. ஒருத்தர் உள்ள போனா இன்னொருத்தர் வெளிய காவல். ஏன் தாழ்ப்பாள் இல்ல? பழைய பஞ்சாயத்து 2016 அக்டோபர்லயே முடிஞ்சுபோச்சு. தேர்தல் கோர்ட்டுல மாட்டிக்கிச்சு. மூணு வருசமாத் தலைவரும் இல்ல, மெம்பரும் இல்ல, யாருகிட்டப் போய்த் தாழ்ப்பாள் கேக்க? தலைவரு வேணும்னு தேர்தல் நடத்த வந்த பொம்பளைங்கதான் தலைவரு இல்லாத கொறைய ராத்திரி முழுக்க அனுபவிச்சாங்க.

"ஒரு ஓட்டுல என்ன மாமா வந்துரப் போகுது"ன்னு கேட்டீரே, நல்ல கேள்வி. எம்.பி. தேர்தல்ல உம்ம ஒத்த ஓட்டு சமுத்திரத்துல விழுந்த உப்புக்கல்லு. அதுக்கு மட்டும் ஸ்டேட்டஸ்ல மை வச்ச வெரலப் போடுறீரு. இங்க எங்க பஞ்சாயத்துல ஒரு வார்டுக்கு ஓட்டே சில நூறுதான். ரெண்டு பேரும் சமமா வாங்கிட்டா பேர எழுதிச் சீட்டுக் குலுக்கிப் போட்டுருவாங்க. உம்மள மாதிரி ஒருத்தன் தூங்குன தூக்கத்துக்கு ஒரு குலுக்கல் சீட்டு அவனுக்குப் பதிலா மெம்பரத் தேர்ந்தெடுக்கும்.

ஆனாலும் நீரு போடாதேயும், அதுதான் உடம்புக்கு நல்லது. போட்டுத் தொலைச்சா அப்புறம் கணக்குக் கேக்கத் தோணும். எங்க ஊருல கிராமசபைன்னு வருசத்துக்கு ஆறு தடவ கூட்டுறாங்க, உமக்கும் அப்படி ஒரு கூட்டத்துல வந்து உக்காரத் தோணும். ஓட்டுக்குக் கவரு வாங்குறவனக் கேவலமாப் பேசுறீரு, அவனாச்சும் வாக்குச்சாவடி வரைக்கும் நடந்து வாரான்.

நாம வராம இருந்தா சர்க்காரு வருத்தப்படும்னு நெனைக்காதேயும். 2019ல செயிச்சவங்க காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோட முடிஞ்சுது. அதுக்குள்ள தேர்தல் வைக்கல, பஞ்சாயத்தத் தூக்கித் தனி அலுவலர்கிட்டக் குடுத்தாச்சு. ஊருல ஒரு நாய்கூடக் கொலைக்கல, அதுல நானும் சேத்திதான்.

போகட்டும். வேளச்சேரி வீட்டுக்கு முன்னால சாக்கடை பொங்குதுன்னு காலையிலருந்து பொலம்புறீரே, சென்னையில 200 வார்டு இருக்கு, உம்ம வார்டு எத்தனாவதுன்னு கேட்டேன். போனத் தடவிக்கிட்டே இருக்கீரு. உம்ம கவுன்சிலரு ஆம்பளையா பொம்பளையான்னாவது பாத்துச் சொல்லும்.