1978-க்குள் முடிந்துவிடும்

தம் நூலின் மறுபதிப்பு அச்சுப்படியை 1977-இல் பார்த்து முகம் சுளித்த டொனால்ட் நூத், அச்சுக்கோப்பு மென்பொருளைத் தாமே எழுதத் துணிந்தார். 1978-க்குள் முடித்துவிடலாம் என்பது கணக்கு. டெக் என்ற அந்த மென்பொருள் நிலைபெற 1989 ஆயிற்று. கணினித்துறைப் பீஷ்மருக்கே இந்தக் கதி! வேலை அத்தனை எளிதல்ல: ஒரு பத்தியின் கடைசி வரியில் ஒரு சொல் பிதுங்கினால் முதல் வரியையும் கலைக்க வேண்டிவரும். அதனால் டெக் பத்தி முழுவதையும் எடைபோட்டே வரிகளை உடைக்கிறது. 'வேர்டு இருக்கிறதே, சுட்டியைச் சொடுக்கினால் போதாதா?' என்பீர்கள். போதும்தான், படத்தை ஓர் அங்குலம் நகர்த்தியதும் பக்கமே குலைவதைப் பொறுத்துக்கொள்பவருக்கு. டெக்கின் மேல் அமைந்த லேடெக்கில் அந்தக் கவலையில்லை. படம் தானாகவே இரண்டு பக்கம் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்ளும். டெக்கின் பதிப்பு எண், பை என்ற கணித மாறிலியை இலக்கம் இலக்கமாக நெருங்கிவருகிறது. நூத்தின் மறைவுக்குப் பின் அது பை என்றே நிலைக்கும். எஞ்சிய பிழைகள் அன்றுமுதல் சிறப்பம்சங்கள். இது அவரே இட்ட கட்டளை.